என் காதே எனக்கு ஒத்து ஊதுகிறது: இனி கச்சேரிக்குப் போகலாமா?

பின்வரிசை ரசிகன் · ஜனவரி 4, இரவு 1:20

தூக்கம் வராமல் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 47, சென்னை. இருபது வருஷமாக மார்கழி என்றால் கச்சேரி, கச்சேரி விட்டால் கேன்டீன். மற்ற பதினொரு மாதமும் ஹெட்போன். டிசம்பர் கடைசி வாரத்தில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாண ரிசப்ஷன். மெல்லிசைக் குழு. எங்களுக்குக் கிடைத்த நாற்காலி ஸ்பீக்கரிலிருந்து ஆறடி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவிடம் மூன்று மணி நேரமும் கையைக் காட்டித்தான் பேசினேன். வீட்டுக்கு வரும்போது இரண்டு காதும் பஞ்சு வைத்து அடைத்த மாதிரி இருந்தது. காலையில் பஞ்சு போய்விட்டது. "கீ...." என்று ஒரு சத்தம் மட்டும் தங்கிவிட்டது.

முதலில் ஃப்ரிட்ஜ் என்று நினைத்தேன். அணைத்துப் பார்த்தேன். அப்புறம் இன்வெர்ட்டர் மேல் சந்தேகம். கடைசியில் மெயினையே இறக்கிவிட்டு நடுக்கூடத்தில் இருட்டில் நின்றேன். வீடே கப்சிப். சத்தம் அப்படியே இருந்தது. மனைவி எழுந்து வந்து "என்ன பண்றீங்க?" என்று கேட்டபோது பதில் சொல்லத் தெரியவில்லை.

ஈ.என்.டி. டாக்டர் பார்த்தார். அழுக்கு இல்லை, ஜவ்வு நன்றாக இருக்கிறது. ஆடியோகிராமில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம். "பழகிடும் சார்" என்றார், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

இதில் எனக்கு வேறு ஒரு வேதனை. போனில் சைன் அலை எழுப்பும் ஆப் ஒன்றை வைத்து என் ரீங்காரத்தின் சுருதியைத் தேடினேன். 6270 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வந்து பொருந்துகிறது. கணக்குப் போட்டால் அது 392-இன் பதினாறு மடங்கு. அதாவது 1 கட்டைச் சுருதிக்கு (பாடகர் 'ஸ' வைக்கும் உயரத்தைக் கட்டையில்தான் சொல்வோம்) பஞ்சமம், 'ப'. 5 கட்டையில் பாடுகிற பெண்களுக்கு ஷட்ஜம், 'ஸ'. அதுவரை சரி. 2 கட்டையில் ஒருவர் கல்யாணி ராகம் எடுத்தால்? அவர் மேல் 'ம'வான பிரதி மத்யமத்தில் போய் நிற்பார், என் காது கீழ் 'ம'வான சுத்த மத்யமத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. கற்பனை செய்தாலே வயிற்றைப் பிசைகிறது.

நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவார்கள் என்று தெரியும். என் காது எனக்கே ஒத்து ஊதுகிறது, அதுவும் வேறு சுருதியில். பாட்டுக் கேட்பதை கொஞ்ச நாள் அடியோடு நிறுத்தினால் சரியாகுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


சில்வண்டு · ஜனவரி 4, காலை 6:05

வாங்க சார், நம்ம சங்கத்துக்கு. என் பேரைப் பார்த்தாலே என் கதை தெரியும். எனக்குப் பதினொரு வருஷம். உங்களுக்கு ரிசப்ஷன், எனக்கு பஸ். காலேஜ் நாள்லேர்ந்து வேலை வரைக்கும் தினமும் ரெண்டரை மணி நேரம் ஜன்னலோர சீட், காதுல இயர்போன். இன்ஜின் சத்தத்தை மீறிப் பாட்டு கேக்கணும்னு வால்யூமை மேல மேல ஏத்தி ஏத்தி... அப்புறம் ஒரு நாள் ஸ்டாப்ல இறங்கினா சில்வண்டும் கூடவே இறங்கிடுச்சு.

ஒண்ணு மட்டும் சொல்றேன். முதல் ஆறு மாசம் நரகம். நானும் எல்லாப் பாட்டையும் நிறுத்திட்டு ரூமைச் சாத்திட்டு உக்காந்தேன். அதான் நான் பண்ணின பெரிய தப்பு. அமைதியா இருக்கிற ரூம்லதான் அது ராஜா. ஃபேனைப் போடுங்க, ஜன்னலைத் திறந்து வைங்க.


மூலிகைமணி · ஜனவரி 4, காலை 8:30

பூண்டை நல்லெண்ணெயில் காய்ச்சி இளஞ்சூட்டில் காதுக்கு இரண்டு சொட்டு. ஏழு நாள். என் மாமனாருக்குப் போயே போய்விட்டது.


ஆடியோகிராம் அக்கா · ஜனவரி 4, காலை 9:10

மூலிகைமணி ஐயா, உங்க மாமனாருக்கு அனேகமா அழுக்கு ஊறி வெளியே வந்திருக்கும். அழுக்கு அடைச்சாலும் இரைச்சல் வரும், எடுத்தா போயிடும். ஆனா ஜவ்வுல ஓட்டை இருக்கிறவங்க காதுல எண்ணெய் விட்டா நடுக்காது வரைக்கும் போகும். அந்த வைத்தியத்தால சீழ் பிடிச்சு வர்றவங்களை வாராவாரம் பார்க்கிறேன். தயவுசெஞ்சு வேண்டாம்.

பின்வரிசை சார், நான் செவித்திறன் சோதிக்கிற வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்லை. உங்க டாக்டர் சொல்ல நேரமில்லாம விட்டதைச் சொல்றேன்.

உள்காதுல நத்தை ஓடு மாதிரி ஒரு உறுப்பு, அதுக்குள்ள ஒரு காதுக்குச் சுமார் பதினஞ்சாயிரம் மயிர்ச்செல்கள். சத்தத்தை நரம்புக்குப் புரியற மாதிரி மாத்துறது இதுங்கதான். பெரிய சத்தத்துல முதல்ல அடி வாங்குறது 3000லேர்ந்து 6000 ஹெர்ட்ஸ் வரைக்குமான பகுதி, அதான் உங்க பள்ளம். மனுஷனுக்கு இந்தச் செல் செத்தா திரும்ப முளைக்காது. அங்கேர்ந்து வர வேண்டிய தகவல் குறைஞ்சதும் மூளை தன் பக்கத்துல வால்யூமைத் திருகிக் கூட்டுதுன்னு இப்ப பெரும்பாலானவங்க நினைக்கிறாங்க. சிற்றலை ரேடியோவுல ஸ்டேஷன் சரியா விழலேன்னா திருகித் திருகிக் கூட்டுவோமே, அப்ப வர்ற "ஸ்ஸ்ஸ்" ஞாபகம் இருக்கா? ஏறக்குறைய அது.

அதனால முழு அமைதி உதவாது. சில்வண்டு சொன்னது சரி. மின்விசிறியோ மழைச் சத்தமோ, எதுவா இருந்தாலும் உங்க ரீங்காரத்தை முழுக்க மூழ்கடிக்க வேண்டாம். அதைவிட ஒரு இழை கம்மியா வைங்க. ரெண்டும் சேர்ந்து கேக்கணும். அப்பத்தான் மூளை அதைப் பின்னணியில தள்ளக் கத்துக்கும்.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்கு: ஒரு காதுல மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போட சேர்ந்து "துப் துப்"னு கேக்குறது, தலைசுத்தல், இல்லேன்னா ஒரு காது திடீர்னு மந்தமாகுறது, இதுல எது இருந்தாலும் இழையைப் படிச்சிட்டு இருக்காதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க. திடீர்ச் செவிட்டுக்கு ஸ்டீராய்டு கொடுக்கிறதா இருந்தா முதல் ரெண்டு வாரத்துக்குள்ள கொடுக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. "சளியா இருக்கும்"னு ஒரு மாசம் கழிச்சு வர்றவங்களைப் பார்த்தா எனக்கு அழுகையே வரும்.


பின்வரிசை ரசிகன் · ஜனவரி 4, பகல் 12:45

அக்கா, ஐந்து நிமிஷத்தில் எனக்கு இவ்வளவு யாரும் சொன்னதில்லை. நன்றி. இரண்டு காதிலும் இருக்கிறது, தலைசுற்றல் இல்லை. ஒரு மருந்துக்கடையில் ஜிங்கோ என்ற மூலிகை மாத்திரை எடுத்துக் கொடுத்தார்கள். முப்பது மாத்திரை, விலை கேட்டதும் ரீங்காரம் கூடிவிட்டது. சாப்பிடலாமா?


ஆடியோகிராம் அக்கா · ஜனவரி 4, பகல் 1:15

அமெரிக்க ஈ.என்.டி. டாக்டர்களோட கழகம் 2014-ல வெளியிட்ட வழிகாட்டியில ஜிங்கோ, துத்தநாகம், மெலடோனின் எதையும் இதுக்குப் பரிந்துரைக்காதீங்கன்னே எழுதியிருக்கு. அந்தக் காசுக்கு நல்ல இயர் பிளக் வாங்குங்க.


ஹெர்ட்ஸ்கணக்கு · ஜனவரி 4, இரவு 9:50

எல்லாரும் மருத்துவம் பேசிவிட்டீர்கள். நான் கல்யாணியைப் பற்றிப் பேசலாமா?

பின்வரிசை சார், உங்கள் பெருக்கல் சரி. 392 × 16 = 6272, வாதமே இல்லை. ஆனால் சுமார் 5000 ஹெர்ட்ஸுக்கு மேலே நம் காது ஸ்வரஸ்தானத்தைப் பிடிக்கும் சக்தியை இழந்துவிடுகிறது. "கீச்" என்பது தெரியும், இன்னும் உச்சமான கீச் என்பதும் தெரியும். இது ஸ, இது ம என்று தெரியாது. பியானோவின் கடைசிக் கட்டையே 4186 ஹெர்ட்ஸில் நின்றுவிடுகிறது, அதற்கு மேல் வைத்துப் பயனில்லை. ஆகவே உங்கள் காது சுத்த மத்யமம் பாடவில்லை. உங்கள் கால்குலேட்டர் பாடுகிறது.


பின்வரிசை ரசிகன் · ஜனவரி 4, இரவு 10:20

கால்குலேட்டரா! கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். அப்புறம் சோதித்துப் பார்த்தேன். ஆப்பில் சத்தத்தை ரொம்பக் குறைத்து வைத்துக்கொண்டு 6000-க்கு மேலே மாயாமாளவகௌளை ஆரோகணத்தின் விகிதங்களை ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஏழு கொசு வரிசையில் பறந்த மாதிரி இருந்தது. ராகம் வரவில்லை.

இருந்தாலும் உறுத்துகிறது. பயம் கணக்கைக் கேட்பதில்லை.


தவில்வீட்டுப் பையன் · ஜனவரி 5, காலை 7:40

இந்த இழையைப் படிச்சதும் எங்க அப்பாவைப் பத்தி எழுதணும்னு தோணுச்சு. திருவாரூர்ப் பக்கம். அப்பா நாப்பது வருஷம் தவில். கோயில் சேவகம், கல்யாணம், பெரிய பெரிய நாயனக்காரர்களோட கச்சேரின்னு ஓடிக்கிட்டே இருந்தார். தொப்பிங்கிற இடப்பக்கத்துல கம்பு, வலந்தலைங்கிற வலப்பக்கத்துல கூடு போட்ட விரல். அந்தக் கூடு சும்மா இல்லீங்க, கல்லு மாதிரி காய்ஞ்சிருக்கும். வலந்தலையில அது விழுற அடி மண்டபத்தோட கடைசித் தூண் வரைக்கும் போகும். வாசிக்கிறவர் காதுக்கும் அதுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்? ரெண்டு அடி இருக்குமா? இந்தப் பக்கம் நாயனம் வேற. ஒரு தடவை அப்பா பக்கத்துல உக்காந்து போன் ஆப்ல அளந்தேன், 100 டெசிபலைத் தாண்டித் தாண்டிக் குதிச்சுது.

அறுவது வயசுக்கு மேல அவருக்கு 'ச', 'ஸ' எல்லாம் காதுல விழலை. "சாப்டீங்களா?"ன்னு கேட்டா "ஆப்டீங்களாவா? யாரு ஆப்ட்டா?"ம்பார். நாங்க சிரிப்போம். இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு.

போன வருஷம் அவரை வலுக்கட்டாயமா டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். அந்தப் பொண்ணு கேட்டுச்சு, "ஐயா, காதுல ஏதாவது ரீங்காரம் கேக்குதா?" அப்பா அதை ஒரு மாதிரி பார்த்தார். "அது எப்பவும் இருக்கறதுதானே. உனக்கு இல்லையா?"ன்னார்.

முப்பது வருஷமா அவர் அப்படித்தான் நெனச்சிருக்கார். உலகத்துல எல்லாருக்கும் அந்தச் சத்தம் இருக்குன்னு. அதுக்கு அவர் வச்சிருந்த பேரு 'உள்சுருதி'.

நான் வாசிக்கும்போது பிளக் போட்டுக்கிறேன். செட்டுல ரெண்டு பேர் கிண்டல் பண்றாங்க, பண்ணிட்டுப் போகட்டும்.


மைக்கில்லா மேடை · ஜனவரி 5, காலை 10:30

பிளக் போட்டுக்கொண்டு கச்சேரி கேட்பது ஜலதோஷத்தோடு காபி குடிப்பது மாதிரி. காதை அடைத்துக்கொண்டு கேட்பதற்கு வீட்டிலேயே இருக்கலாம். நோயை விட்டுவிட்டு எல்லாரும் காதை வைத்தியம் பார்க்கிறீர்கள். நோய் எங்கே இருக்கிறது? சவுண்ட் மிக்ஸரில். முந்நூறு பேர் உட்காரும் அரங்கத்தில் மிருதங்கத்துக்கு ஒன்றுக்கு இரண்டு மைக் எதற்கு? வித்வான் "மானிட்டரைக் கூட்டு" என்று கையைத் தூக்கிக் காட்டுகிறார். அவருக்குக் கூட்டினால் வயலின்காரருக்குக் கேட்கவில்லை, அவர் கையைத் தூக்குகிறார். ராகம் தானம் பல்லவி வரும்போது அரங்கமே கொதிக்கிறது. கேட்டால் "பின்வரிசைக்குக் கேக்கணும் சார்" என்கிறார்கள். பின்வரிசை இங்கேதான் இருக்கிறார், அவரையே கேளுங்கள்.


பின்வரிசை ரசிகன் · ஜனவரி 5, காலை 10:55

பின்வரிசைக்கு நன்றாகவே கேட்கிறது. அடுத்த தெருவுக்கும்.


ஆடியோகிராம் அக்கா · ஜனவரி 5, பிற்பகல் 2:00

மைக்கில்லா மேடை சொல்றதுல பாதிக்கு நான் கை தட்டுவேன். ஆனா பிளக்ல ரெண்டு ஜாதி இருக்கு. மருந்துக்கடையில கிடைக்கிற நுரை உருண்டை மேல் சுரங்களை அதிகமா வெட்டும், அதான் உங்களுக்கு மூக்கடைச்ச காபி மாதிரி இருக்கு. இசைக்காரங்களுக்குன்னே செய்யறது வேற. கீழ், நடு, மேல் எல்லாத்தையும் ஏறக்குறைய ஒரே அளவு, சுமார் 15 டெசிபல், இறக்கும். தம்புராவோட ஜீவா (கம்பியடியில வைக்கிற நூல் தர்ற நாதம்) தம்புராவோட ஜீவாவாவே இருக்கும், தூரத்துல தள்ளி வச்ச மாதிரி.

15 டெசிபல் கொஞ்சம்னு நினைக்காதீங்க. 85 டெசிபல்ல எட்டு மணி நேரம் இருக்கலாம்னு ஒரு வரம்பு சொல்லுவாங்க. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88க்கு நாலு மணி, 91க்கு ரெண்டு மணி, இப்படியே போனா 100க்குக் கால் மணி நேரம். ரிசப்ஷன்ல ஸ்பீக்கர் பக்கத்துல கால் மணி நேரத்துக்குப் பந்தியே முடியாது.

ஆனா ஒண்ணு. வீட்டுலயும் தெருவுலயும் நாள் பூரா பிளக்கோட அலையாதீங்க. அப்படிச் செஞ்சா சாதாரணச் சத்தமே தாங்க முடியாத நிலைமை வரும். குக்கர் விசில் கேட்டு அழுதவங்களைப் பார்த்திருக்கேன்.


நிர்வாகி · ஜனவரி 5, பிற்பகல் 3:20

"48 மணி நேரத்தில் காதிரைச்சல் முற்றிலும் குணம், வாட்ஸ்அப் செய்யவும்" என்ற மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். நாலாவது வந்தால் அதையும் நீக்குவேன்.


வேலியடி வானொலி · ஜனவரி 6, காலை 5:15

வணக்கம். நான் கனடாவில, ஸ்காபரோவில இருந்து எழுதுறன். உங்களோட சேர்ந்து கதைக்கலாமோ தெரியேல்லை, ஏனெண்டா எனக்கு இந்த இரைச்சல் பாட்டுக் கேட்டு வந்ததில்லை. 90ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டை நேரம் எங்கட வேலியடியில ஷெல் விழுந்தது. எனக்கு அப்ப பதினாலு வயசு. இடது காது ரெண்டு நாள் ஒண்டும் கேக்கேல்லை. பிறகு கேக்கத் தொடங்கிச்சுது, வரேக்க இந்தச் சத்தத்தையும் கூட்டிக்கொண்டு வந்திட்டுது. ஆருக்குச் சொல்லுறது? உயிரோட இருக்கிறதே பெரிய விசயம், அதுக்குள்ள காதுக்குள்ள கூவுது எண்டு போய் நிக்கேலுமோ?

இஞ்ச வந்து கன வருசத்துக்குப் பிறகு ஒரு உளவளத்துணையாளரிட்ட அனுப்பினவை. எனக்கு விசர் எண்டு நினைச்சிட்டினமோ எண்டு முதல் கோவம். அவ கேட்ட முதல் கேள்வி, "அந்தச் சத்தம் கூடேக்க உங்களுக்கு என்ன நினைப்பு வருது?" நான் யோசிக்காமலே சொன்னன், "அடுத்தது எங்க விழப்போகுதோ எண்டு." சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னன் எண்டு எனக்கே கேட்டுது.

பத்துப் பன்ரெண்டு கிழமை போனன். சத்தம் இண்டைக்கும் அதே அளவுதான், ஒரு நூல் குறையேல்லை. ஆனா பதுங்குகுழிக்கு ஓடச் சொல்லுறேல்லை. இப்ப பின்னேரத்தில மெல்லிசா வீணை போட்டிட்டு இருப்பன். பனி தள்ளுற மிசினைப் பிடிக்கேக்க மட்டும் காதுமூடி போடுவன், பக்கத்து வீட்டுப் பெடியனுக்கும் ஒண்டு வாங்கிக் குடுத்தனான்.


ஆடியோகிராம் அக்கா · ஜனவரி 6, காலை 8:00

அண்ணா, நீங்க பேசக் கூடாதுன்னு யார் சொன்னது? நீங்க போனது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. அந்த 2014 வழிகாட்டி பரிந்துரைக்கிற கொஞ்ச விஷயங்கள்ல அதுவும் ஒண்ணு. இங்கே அதை இரைச்சலுக்குன்னு செய்யறவங்க ரொம்பக் குறைவு, மனநல மருத்துவர்கிட்ட அனுப்பினா "எனக்கென்ன பைத்தியமா?"னு எழுந்து போயிடறாங்க.


மேற்கு ஜன்னல் · ஜனவரி 6, இரவு 10:40

ஒரு சின்னத் தகவல். செக் இசையமைப்பாளர் ஸ்மெட்டனாவுக்கு 1874இல் காது போயிற்று, போவதற்கு முன் உச்சத்தில் ஒரு கூவல் கேட்டுக்கொண்டிருந்தது. 1876இல் நாலு தந்தி வாத்தியங்களுக்கு எழுதிய இசையில் (ஸ்ட்ரிங் குவார்டெட்) கடைசிப் பகுதி நல்ல குதூகலமாக ஓடும். திடீரென்று குதூகலம் நிற்கும், மற்ற வாத்தியங்கள் கீழே நடுங்க, முதல் வயலின் எங்கோ மேலே ஒரே சுரத்தை நீளமாகப் பிடிக்கும். அவர் காதில் கேட்டது அதுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். மனம் தெம்பாக இருக்கும் நாளில் கேளுங்கள். நான் முதல் தடவை கேட்டபோது ஹெட்போன் கெட்டுவிட்டது என்று கழற்றிப் பார்த்தேன்.


பின்வரிசை ரசிகன் · மார்ச் 17, இரவு 11:30

இழையை அநாதையாக விட்டதற்கு மன்னிக்கவும். ஜனவரி முழுக்க மோசம். பிப்ரவரியில் தம்புரா ஆப்பை 1 கட்டையில் வைத்து தலையணைக்குப் பக்கத்தில் மெதுவாக ஓடவிட்டுத் தூங்க ஆரம்பித்தேன். மழைச் சத்தம் எனக்கு ஒத்துவரவில்லை, கனவில் மாடித் துணி நனைந்துகொண்டே இருந்தது. தம்புரா ஒத்துவந்தது. இப்போது வாரத்தில் நாலைந்து நாள் தூக்கம் வருகிறது. மற்ற நாளில் வருவதில்லை.

நேற்று ஒரு நண்பர் வீட்டு மாடியில் கச்சேரி. நாற்பது பேர், மைக் கிடையாது, மைக்கில்லா மேடைக்குக் கண்ணீர் வந்திருக்கும். இரண்டு தம்புரா. கூட்டி முடித்து மீட்ட ஆரம்பித்ததும் என் ரீங்காரத்தைத் தேடினேன், எங்கே போயிற்று என்று. தம்புராவின் மேல் இழைகளுக்குள் எங்கேயோ உட்கார்ந்துவிட்டது, பிரித்தெடுக்க முடியவில்லை. பாடியவர் 2 கட்டை. பிரதான ராகமாக எடுத்தார், கேளுங்கள், கல்யாணி. என் கை தானாக நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. முதல் பிரதி மத்யமம் வந்தது. ஒன்றும் ஆகவில்லை. ம என்றால் ம. அவருடைய ம மட்டும். ஹெர்ட்ஸ்கணக்கு, நீங்கள் சொன்னது சரி, இரண்டு மாதம் கழித்து ஒப்புக்கொள்கிறேன்.

தனி ஆவர்த்தனத்துக்கு பிளக் போட்டேன், சின்ன அறையில் மிருதங்கம் சும்மா விடாது. மங்களம் முடிந்து தம்புரா நின்ற அந்த ஒரு விநாடியில் "கீ" வந்து சேர்ந்தது, எங்கேயும் போகவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் என் காதைப் பார்த்து, "ஹியரிங் எய்டா தம்பி? இவ்வளவு சின்னதா வந்துடுத்தா? எங்கே வாங்கினே?" என்றார். இது கேட்பதைக் குறைக்கிற கருவி மாமா என்று விளக்கினேன். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "எங்காத்து மாமிகிட்ட சொல்லிடாதே, வாங்கிப் போட்டுண்டுடுவா" என்றார்.


ஹெர்ட்ஸ்கணக்கு · மார்ச் 18, காலை 6:30

ஒப்புதல் வாக்குமூலம் பதிவு செய்யப்பட்டது. கல்யாணியில் என்ன கிருதி?


ஆடியோகிராம் அக்கா · மார்ச் 18, காலை 9:05

கிருதியெல்லாம் இருக்கட்டும். மறு ஆடியோகிராம் எடுத்தீங்களா இல்லையா?


பின்வரிசை ரசிகன் · மார்ச் 18, காலை 9:20

வருகிற செவ்வாய் அக்கா. டோக்கன் 14.